நாடா விழும் இடம்

மண்டி மொஹல்லாவில் மாதேவி தைத்துக் கொடுத்த பாவாடை இடுப்பில் நிற்கவில்லை என்று ஒருத்திகூடக் குறை சொன்னதில்லை. ஹனூரிலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். புருஷன் போன பிறகு இருபத்தாறு வருஷமாக அந்த ஒற்றைத் தையல் மெஷின்தான் சோறு போட்டது. யார் வாசலில் வந்து நின்றாலும் முகத்தைப் பார்க்கும் முன்னே இடுப்பைத்தான் பார்ப்பாள். டேப்பை எடுத்து அளப்பதெல்லாம் வந்தவர்களின் திருப்திக்கு.

அப்படிப்பட்டவளிடம்தான் மகன் விஜய்குமார் பொய் சொன்னான். அவளுக்குச் சிறுநீரில் ரத்தம் போய், மாத்திரையில் மாதங்கள் ஓடி, கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் அவனை மட்டும் வராந்தாவுக்கு அழைத்துப் பேசினார். திரும்பி வந்தவன், "கல்லும்மா. எடுத்துட்டாச் சரியாப் போயிரும்" என்றான். பெற்ற பிள்ளையை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்?

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் நர்ஸ் நிர்மலா வந்தாள். மாதேவியைப் படுக்க வைத்து, தொப்புளுக்கு வலப்பக்கம் சற்றுக் கீழே பேனாவால் ஒரு வட்டம் போட்டாள்.

"கல்லெடுக்கறதுக்கு வயித்து மேல எதுக்கு அம்மிணி மை?"

நிர்மலா விஜய்குமாரைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"உங்களுக்கு யாரும் சொல்லலையாம்மா?"

"நீ சொல்லு."

"வேண்டாம் சிஸ்டர், அம்மா பயந்துரும்" என்றான் அவன்.

"நீ வெளிய போடா. வயிறு என்னோடது."

அவன் போனான். நிர்மலா கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மூத்திரப்பையில் புற்றுநோய். அந்தப் பையையே எடுத்துவிடுவார்கள். குடலில் ஒரு துண்டை வைத்து வழி செய்து, இந்த வட்டத்தில் கொண்டுவந்து திறந்துவிடுவார்கள். இனி ஆயுசுக்கும் வயிற்றில் ஒட்டிய ஒரு பைக்குள்தான் சிறுநீர் இறங்கும்.

மாதேவி போர்வையில் முகத்தைப் புதைத்து அழுதாள். பிறகு அழுதுகொண்டே கேட்க ஆரம்பித்தாள். நாறுமா? குளிக்கலாமா? தூங்கும்போது நிரம்பினால்? மெஷின் மிதிக்கலாமா? மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்கு பஸ்ஸில் போக முடியுமா? நிர்மலா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், ஒரு பையையும் கையில் கொடுத்தாள். மாதேவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரத்தை நகத்தால் நெம்பினாள். ஒட்டு சரியாகத்தான் இருந்தது.

சரியில்லாதது வட்டம். கட்டிலைவிட்டு இறங்கி, தன் பாவாடையை எடுத்துக் கட்டினாள். நாடா வட்டத்தின் நடுவே, பை ஒட்ட வேண்டிய இடத்திலேயே விழுந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, மெஷின் முன்னால் குனிவதுபோல் குனிந்தாள். வட்டமே வயிற்று மடிப்புக்குள் காணாமல் போயிற்று.

"பாத்தியா? நா என்ன படுத்துட்டா தைக்கப் போறேன்?"

"தப்பு என்னோடதும்மா. உக்கார வெச்சும் பாத்திருக்கணும்" என்று சொல்லி நிர்மலா டாக்டரை அழைத்து வந்தாள்.

அவருக்கு அவசரம். நாடாவைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கொள்ளலாமே என்றார் கன்னடத்தில். மாதேவிக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருஷமாக இடுப்புக்குத் தகுந்தபடி துணியை வெட்டியிருக்கிறேன், துணிக்குத் தகுந்தபடி யார் இடுப்பையும் வெட்டியதில்லை என்றாள், அவளும் கன்னடத்தில்.

டாக்டர் ஸ்டூலுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், நிற்கச் சொன்னார். பழைய வட்டத்தை அழித்துவிட்டு, மூன்று விரல் மேலே புதிதாகப் போட்டார். மாதேவி மறுபடி குனிந்து பார்த்தாள். வட்டம் நாடாவுக்கு மேலே நின்றது, அவள் கண்ணுக்கும் தெரிந்தது, கைக்கும் எட்டியது.

"இனி நிம்மதியாத் தூங்குங்கம்மா" என்றார் டாக்டர்.

"கையெழுத்து?"

"உங்க மகன் காலையிலேயே போட்டுட்டாரே."

"அவன் வயித்தையா அறுக்கப் போறீங்க?"

வேறு சம்மதப் படிவம் வந்தது. மாதேவி வாசல் பக்கம் திரும்பி மகனைக் கூப்பிட்டாள். கண் சிவந்து வந்தவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பையை அவன் மடியில் போட்டாள்.

"பயமாத்தான்டா இருக்குது. நீயும் கேளு" என்றவள், நிர்மலாவைப் பார்த்தாள். "முதல் வரியிலிருந்து படி அம்மிணி."