டென்ஷனுக்கு ஏதாச்சும் இருக்கா?

நாட்டு மருந்துக் கடைக்காரிக்குக் கையைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம்.

தாராவியில் எங்கள் கடைக்குப் பதினோரு வயதாகிறது. சரக்கெடுக்க வீட்டுக்காரர் போய்விடுவார். தராசுக்குப் பின்னால் நான். முன்பெல்லாம் இருமல், மூட்டுவலி என்று வருவார்கள். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர், "டென்ஷனுக்கு ஏதாச்சும் இருக்கா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பானைக்குள் இரண்டு கட்டு

பக்கத்துச் சந்திலிருக்கும் பேச்சியம்மா ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். "எனக்கில்ல தாயி, மருமவளுக்கு. வேலை முடிஞ்சு வந்தா மூஞ்சி கடுகடுன்னு இருக்கு. குளிர்ச்சியா ஏதாவது குடு." குடிதண்ணீர்ப் பானையில் போடச் சொல்லி ஒரு கட்டு வெட்டிவேர் கொடுத்தேன். மூன்றாம் நாள் மருமகள் செல்வி வந்தாள். "எனக்கில்லக்கா, அத்தைக்கு. எதைச் சொன்னாலும் சள்ளுன்னு விழுதாவ." அவளுக்கும் வெட்டிவேர்தான் கொடுத்தேன். ஒருவர் வந்துபோனதை இன்னொருவரிடம் சொல்லவில்லை.

ஒரே வாரத்தில் பேச்சியம்மா திரும்பி வந்தார். "நான் போட்டது ஒரு கட்டு. பானைக்குள்ள ரெண்டு கெடக்கு. வேர் குட்டி போடுமா தாயி?" வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். முகம் சிவந்தது. சண்டைதான் என்று நான் பயந்துகொண்டிருக்க, அவருக்குத் தோள் குலுங்கச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரி, இன்னொரு கட்டு குடு. எங்க ரெண்டு பேருக்கும் அது காணாது போலுக்கு."

வெள்ளிக்கிழமைக்குள்

கார்த்திக்குக்கு வீடு டோம்பிவிலி, வேலை ஐரோலியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. மாமா வீட்டுக்கு வந்த இடத்தில் கடைக்குள் நுழைந்தான். "ஆன்ட்டி, அஸ்வகந்தா இருக்கா? ஃப்ரைடேக்குள்ள டென்ஷன் கம் ஆகணும், குறைஞ்சே ஆகணும். ஒரு பெரிய சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கு." அதுதான் நம்ம அமுக்கரா. ராத்திரி பாலில் அரை ஸ்பூன், பலன் தெரியச் சில வாரம் ஆகும், வேறு மாத்திரை சாப்பிட்டால் டாக்டரைக் கேட்டுக்கொள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டியபோதும் அவன் கண் போனில்தான் இருந்தது.

சில வாரம் என்பதை நான்கு ஸ்பூனாக்கி ஒரே ராத்திரியில் முடிக்கப் பார்த்திருக்கிறான். மறுநாள் முழுக்கக் கழிவறையும் கட்டிலும்தான். அடுத்த வாரம் அவன் மறுபடி கடைக்குள் நுழைந்ததும், சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தான். "வயிறு காலி ஆன்ட்டி. ஆனா அன்னிக்கு ஃபுல்லா போன் ஸ்விட்ச் ஆஃப். நானில்லாமலே ரிலீஸ் ஹோ கயா, முடிஞ்சே போச்சு!"

ஷாகுல் பாயின் கை

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார் ஷாகுல் பாய். தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று வந்தார். பட்டறைக் கவலை என்று அவரே சொன்னதால் நானும் நம்பி, இரண்டு மாதமாக அமுக்கராப் பொடி கட்டிக்கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தபோதுதான் சரியாகப் பார்த்தேன். சட்டை தோளிலிருந்து தொங்கியது. ஃபேனுக்கு நேர் கீழே நின்றும் வேர்த்துக் கொட்டியது. பொட்டலத்துக்கு நீட்டிய கை நடுங்கியது.

பொடியை மறுபடி டப்பாவில் கொட்டினேன். "பாய், இது கவலை மாதிரி தெரியல. முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க."

"மருந்துக் கடையில மருந்து இல்லேங்கியளே!" என்று கோபமாக இறங்கிப் போய்விட்டார்.

வேறு கடையில் வாங்கிவிடுவாரோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவர் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி மைமூன் நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டு நேரே பட்டறைக்கு நடந்தாள். பாயைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அவள்தான்.

தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்திருக்கிறது. இந்த நோய்க்கு அந்தப் பொடி ஆகவே ஆகாது, நிறுத்தியது நல்லதாய்ப் போயிற்று என்றாராம் டாக்டர். இரண்டு மாதமாக அதைக் கட்டிக்கொடுத்தவள் நான்தான்.

நாலு மாதம் கழித்து ஷாகுல் பாய் வந்தார். கன்னத்தில் சதை வைத்திருந்தது. மைமூனுக்காகச் சீயக்காய் கேட்டுவிட்டு, பொட்டலத்தை ஆடாத கையால் வாங்கிக்கொண்டு சொன்னார்: "எனக்கு டென்ஷனே இல்லையாம் தங்கச்சி, தைராய்டாம்! இத்தன நாளும் வீணால்ல கவலப்பட்டிருக்கேன்."

ஊருக்கெல்லாம் டென்ஷன் மருந்து நிறுத்துக் கொடுக்கிற நான், காலையில் ஷட்டர் சாவியைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப் போடுவதை நல்லவேளையாக என் வாடிக்கையாளர் யாரும் இதுவரை பார்த்ததில்லை.