கொள்ளிக்குடம் சுமந்த மாப்பிள்ளை

என் அக்காவை, ராத்தாவை, கலியாணம் முடித்தவர் காரைதீவுக்காரர், இஸ்லாத்துக்கு வந்தவர். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார்; அவரும் வந்தார். ஐந்து நேரமும் பள்ளிக்குப் போவார். நோன்பு நாளில் களவாகத் தேத்தண்ணி குடித்த என்னை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. அவரைத்தான் வாப்பா ‘வந்தவன்’ என்றே சொல்வார். ராத்தாவுக்கு அவரென்றால் உயிர்.

எங்கள் மாமியின் மகன் ராத்தாவைத் தனக்கென்று நினைத்திருந்தவன். அதை வெளிக்காட்டாமல் அவருடன் தோளில் கைபோட்டுத் திரிந்தான். அவர் அவனை முழுதாக நம்பினார்.

ஒருநாள் அவர் வேலைக்கென்று போய் இரவாகியும் வரவில்லை. ராத்தாவின் அழைப்புகளுக்கும் பதிலில்லை. மறுநாள் காலை மாமி மகன் ஒரு படத்தோடு வந்தான். அதில், தாயின் கொள்ளிக்குடத்தைத் தோளில் சுமந்து, வெறும் மேலோடு அவர் சுடலையில் நின்றார்.

“பழைய பக்கம் திரும்பிட்டார், மாமா” என்று கண்ணையும் துடைத்துக்கொண்டான், நாசமாய்ப் போனவன்.

படத்தைவிட, தன்னிடம் ஒரு சொல் சொல்லாமல் போனதுதான் ராத்தாவை வதைத்தது. அவர் திரும்பி வந்தபோது அறையைவிட்டு அவள் வெளியே வரவில்லை. வாப்பா அவருடைய உடுப்புகளை வாசலில் போட்டார்.

“உம்மா மவுத்தாகிட்டா. மச்சானிட்ட சொல்லிட்டுத்தானே போனன்!” என்றார் அவர்.

மாமி மகன் அல்லாஹ்மேல் சத்தியம் செய்து மறுத்தான். நாங்கள் எங்கள் இரத்தத்தை நம்பினோம். மணவிலக்குக் கொடுக்கும் காதியாரிடம் போய் விவாகத்தை முறித்தோம். இத்தா என்ற காத்திருப்புக் காலம் முடிந்ததும் மாமி மகன் அதே வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தான்.

போன மாரியில் காரைதீவிலிருந்து அவருடைய தங்கை வந்தாள். டெங்குக் காய்ச்சலில் அவர் போய்விட்டாராம்.

“அம்மா செத்ததை நாந்தான் போனில சொன்னன். ‘நீங்க போங்க மச்சான், வீட்ட நான் நேர போய்ச் சொல்றன்’ எண்டு அண்ணனுக்குப் பக்கத்தில நிண்டவர் சொன்னது எனக்குக் கேட்டது. நீங்க அவர விலக்கினதும், இஞ்ச வந்து இதச் சொல்லப் போறன் எண்டன். ‘அவ என்ன நம்பல்லயெண்டா வேணாம்’ எண்டு அண்ணன் விடல்ல.”

“எப்பிடி அடக்கினீங்க?” என்று ராத்தா கேட்டாள்.

“உங்கட முறையிலதான். பக்கத்து ஊர் மாவடிப்பள்ளி முஸ்லிம் சனம் வந்து தொழுவிச்சாங்க. கடைசிவரைக்கும் அவர் தொழுகைய விடல்ல.”

அந்நேரம் மாமி மகன் உள்ளிருந்து வந்து, “ஆரு இது?” என்றான்.

ராத்தா அவனை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

“என்ட புருசன்ட தங்கச்சி.”