அம்மாவின் கடைவாய்ப் பல்

அம்மாவுக்குப் பல்வலி வந்தபோது நான் பத்தாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கிராம்பைக் கடித்துக்கொண்டே சில நாள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போனாள். சோறு மெல்ல முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். அவளுக்குச் சிங்களம் வராது என்பதால் நானும் கூடப் போனேன்.

பல் டொக்டர் தமிழ் தெரியாத இளம் பெண். மேசையிலிருந்த பெரிய பிளாஸ்டிக் பல்லை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். மேலே வெள்ளையாக எனாமல். அதற்குள்ளே மஞ்சளாக டென்டின். நடுவில் நரம்பும் இரத்தமும் ஓடும் கூழ். ஈறுக்குள்ளே வேர். என் சிங்களம் கடைத்தெருவில் பழகியது, காய்கறி வாங்கத்தான் போதும். டொக்டரின் விரல் போகும் இடத்தைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்குச் சொன்னேன்.

"மேல உள்ளது எலும்பவிடக் கெட்டியாம்மா."

"அவ்வளவு கெட்டின்னா எப்புடி ஓட்ட விழுந்துச்சு?"

"இனிப்பு ஒட்டிக்கிட்டே இருந்தா கிருமி அதத் தின்னு புளிக்க வச்சு, மேல் படைய அரிச்சிருமாம். உள்ள இருக்கிறது கொஞ்சம் மெது. அங்க போயிட்டா சீக்கிரம் பரவிருமாம்."

"கையில சீனிய வச்சு நக்கிக்கிட்டுத்தானே பிளேன்டீ குடிக்கிறோம்? நம்ம தோட்டத்துல அப்புடிக் குடிக்காத ஆளு யாரு இருக்கா? சொல்லு அவுங்ககிட்ட."

சொன்னேன். தானும் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டுதான் குடிப்பதாகச் சொல்லி டொக்டர் சிரித்தார்.

"சரி, புடுங்கிடச் சொல்லு" என்றாள் அம்மா.

டொக்டர் சம்மதிக்கவில்லை. வேர் உறுதியாக இருக்கிறது, கெட்டுப்போன கூழை மட்டும் எடுத்துவிட்டு அடைக்கலாம் என்றார்.

"அத எடுத்துட்டா பல்லுக்கு உசிரு இருக்காதே, பிள்ள?"

"வலி இருக்காதாம்மா. ஆனா கடிக்கலாமாம்."

பிளாஸ்டிக் பல்லைக் கையில் வாங்கி வேரைத் தடவிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள்.

திரும்பும் பஸ்ஸிலும் ஈறில் போட்ட ஊசியின் விறைப்பு போகவில்லை. கண்டக்டரிடம் எங்கள் ஊரை அவள் 'நோர்வூட்' என்று சொன்னது அவருக்கு எந்த ஊராகவும் கேட்கவில்லை. மூன்றாம் முறை சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பக்க உதடு மட்டும் மேலே போனது. அதைப் பார்த்து நான் சிரிக்க, அவள் என் தொடையில் கிள்ளினாள். சன்னலுக்கு வெளியே மழை. அவள் தோளில் சாய்ந்தபடி வந்தேன்.

சாயந்தரம் விறைப்பு விட்டதும், எங்கள் லயத்து வீட்டு வரிசையின் வாசலில் கூடியவர்களுக்கு அம்மா முழுக் கதையும் சொன்னாள். நான் தடுமாறிச் சொன்னதெல்லாம் அவள் வாயில் சரளமாக வந்தது. அடுத்த வீட்டு அக்கா, "எனக்கு ரெண்டாவது படைக்குப் போயிருச்சான்னு பாருங்க" என்று வாயைத் திறந்தாள். நான் போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். பிறகு இன்னொருத்தி. கடைசியில் அப்பாவும் வந்து நின்றார்.

"புகையிலக் கறைதான் தெரியுது. தள்ளுங்க" என்றாள் அம்மா.

இன்னும் சில தடவை போய்த்தான் அந்தப் பல்லை முழுதாக அடைத்து முடித்தோம். இன்றும் அது அவள் வாயில் இருக்கிறது. இப்போது கொழும்பில் நான் போகும் பல் டொக்டருக்குத் தமிழ் தெரியும். எதையும் யாருக்கும் மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாற்காலியில் படுக்கும்போதெல்லாம் பக்கத்தில் அம்மா இல்லாதது தெரிகிறது.