சத்தம் இல்லாத வயிறு

என் கணவருக்குக் குடலில் புற்றுநோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அறுவைச் சிகிச்சைக்கு ஒரு மாதம் இருந்தது. எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர், கோலா சிலாங்கூர் டவுன் கடையில் சின்னச் சின்னப் பாட்டிலில் விற்கும் புளித்த பாலைத் தினமும் கொடுக்கச் சொன்னார்.

"இதுல உயிருள்ள கிருமி இருக்குலா. நல்ல கிருமி. குடலு தெம்பா இருந்தா வெட்டுன காயம் சீக்கிரம் ஆறும்."

எனக்கு உடம்பு கூசியது. ஏற்கெனவே ஒன்று உள்ளே உட்கார்ந்து மனிதரைத் தின்கிறது. இன்னும் உயிருள்ளதை நானே ஊற்ற வேண்டுமாம். திட்டிக்கொண்டேதான் ஊற்றினேன்.

ஒரு வாரத்தில் வயிறு பேச ஆரம்பித்தது. மத்தியானம் எங்கள் லயத்து வீட்டில் அவர் பாயில் படுத்திருப்பார். நான் தொப்புளுக்குப் பக்கத்தில் காதை வைப்பேன். குடுகுடுவென்று ஓடி, சட்டென்று நின்று, நான் கேட்கிறேனா என்று பார்ப்பதுபோல் காத்திருந்து, மறுபடி தொடங்கும். பயமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"என்னா புள்ள, ஒட்டுக் கேக்குறியா?" என்பார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் பால் கூடாது, சாப்பாடு கூடாது, தெளிந்த தண்ணீர் மட்டும் என்றார்கள். உள்ளே இருப்பவை பட்டினி கிடக்குமே என்று எனக்குத் தவிப்பு. பால்தானே கூடாது, இது புளித்ததுதானே என்று என் புத்தி எனக்கே வக்காலத்து வாங்கியது. அறுவைக்கு முதல் நாள் கைப்பையில் ஒளித்துக் கொண்டுபோய் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டேன்.

அறுவை முடிந்து மூன்று நாள் ஆகியும் வயிற்றில் சத்தமே இல்லை. டாக்டர் குழாயை வைத்துக் கேட்பார், உதட்டைப் பிதுக்குவார். குடல் விழிக்காவிட்டால் மறுபடி திறக்க வேண்டி வரலாம் என்றார். நானும் காதை வைத்துப் பார்த்தேன். ஆள் இல்லாத வீடு. நான்தான் கெடுத்தேன் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் அழுதுகொண்டே டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் தமிழர்.

"குடுத்தது தப்புதாம்மா. ஆனா இது அதனால இல்ல. வெட்டுறதுக்கு முன்னாடி குடலக் கழுவிட்டோம். நீங்க ஊத்துனது எதுவும் மிச்சம் இருக்காது."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அத்தனை நாள் நான் கேட்டதெல்லாம் சாக்கடையில் போய்விட்டது. அப்படியானால் உள்ளே இப்போது யார்?

ஐந்தாம் நாள் மத்தியானம் அவர் முகத்தைச் சுளித்தார். வார்டுக்கே கேட்கும்படி காற்றுப் பிரிந்தது. குடல் விழித்துவிட்டது என்று நர்ஸ் கைதட்டினாள். நான் போர்வையை விலக்கி, கட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்தேன். எங்கோ ஆழத்தில், மெதுவாக, நீளமாக ஒரு சத்தம். எனக்குத் தெரிந்த குரல் அது இல்லை.

"யாரா இருந்தாலும் சரி, போயிராதீங்க," என்றேன், அவர் வயிற்றிடம்.