இரண்டு கரைப் பந்தி

திருத்தணிக்கு வடக்கே ஆற்றில் தரைப்பாலம் கட்டியபோது எலியேசருக்குக் கிடைத்த வேலை கத்துவது. காகிதத்தில் அதற்குக் கௌரவமான பெயர் ஏதாவது இருந்திருக்கும். ஆனாலும் அவர் செய்தது அதுதான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். இக்கரை ஜில்லா போர்டுக்குச் சேர்ந்தது, அக்கரை ஜமீனுக்கு. அக்கரை வேர்க்கடலை திருத்தணி ரயிலடிக்கு வர வேண்டும். இக்கரைத் தறித்துணி அக்கரைச் சந்தைக்குப் போக வேண்டும். மழை பிடித்தால் இரண்டு பக்கமும் வண்டிகள் மாட்டை அவிழ்த்துவிட்டுக் கிடக்கும். தனியாகக் கட்ட யாருக்கும் வக்கில்லாததால், ஆளுக்குப் பாதி என்று பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் ஒத்துக்கொண்டால் போதுமா? இக்கரைக்கு வந்த ஆட்கள் வெளியூர்க்காரர்கள், தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. அக்கரை ஆட்களுக்குத் தெலுங்கு மட்டும்தான். எலியேசருக்கு அப்பா தமிழ், அம்மா தெலுங்கு. அதனால் அவரைப் பிடித்து ஆற்றின் நடுவே நிறுத்தினார்கள்.

அவர் ஏச்சுகளை அப்படியே கடத்தியதில்லை. இக்கரை மேஸ்திரி துளசிங்கம், "கல்லு இன்னும் வர்லியா, அங்க தூங்கிகினு கீறானுங்களா?" என்றால், கல் வந்தால் நன்றாயிருக்கும் என்று தெலுங்கில் சொல்வார். அக்கரை மேஸ்திரி கங்கய்யாவின் வசவுகளும் அவர் வாயில் நுழைந்து வணக்கமாக வெளியே வரும். இரண்டு பாதியும் ஒரே மட்டத்தில் வந்து சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதை யாரும் யோசிக்கவில்லை. இக்கரையில் அவரை 'தெலுங்கு ஆள்' என்றார்கள், அக்கரையில் தமிழன் என்ற அர்த்தத்தில் 'அரவம்' என்றார்கள்.

மனைவி தேவசுந்தரி காலராவில் போன பிறகு எலியேசர் தனக்குத்தானே பொங்கித் தின்றுகொண்டிருந்தார். வேலையிடத்திலும் நடு ஆற்றுப் பாறையில் தூக்குச்சட்டியைத் திறந்து தனியாகத்தான் சாப்பாடு. நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசை அவருக்குப் பசியைவிடப் பெரிதாக இருந்தது.

பாலம் முடிந்ததற்கு விருந்து என்றார்கள். கரைக்குக் கரை தனிப் பந்தி, தனிச் சமையல். எலியேசருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இங்கே உட்கார்ந்தால் கங்கய்யா வருத்தப்படுவார், அங்கே உட்கார்ந்தால் துளசிங்கம் கோபிப்பார். கடைசியில், யார் முதலில் கூப்பிடுகிறார்களோ அங்கே உட்காருவது என்று தீர்மானித்தார். வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

அங்கே ஒரு வீம்பு காத்திருந்தது. முதலில் கை வைக்க இரண்டு பக்கமும் மறுத்தார்கள். முதலில் சாப்பிட்டவன் காய்ந்து கிடந்தவன் ஆகிவிடுவானாம். ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும், அதற்கு எலியேசர் நடுப்பாலத்தில் நின்று குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தார். இரண்டு கரையிலும் கைகள் சோற்றில் இறங்கின.

முதலில் இக்கரைக்கு வந்தார். இலை காலியில்லை. துளசிங்கம் சாம்பாரைப் பிசைந்தபடி நிமிர்ந்தார். "இன்னா எலியேசரு, அங்க ஒனக்கு எல போட்டுட்டு தேடிகினு இருப்பாங்க. போ, ஆறிடும்."

அக்கரைக்குப் போனார். கங்கய்யாவும் தெலுங்கில் அதையேதான் சொன்னார், இன்னும் பிரியமாக. எனக்கு எங்குமே இலை போடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேருமே பதறி எழுந்திருப்பார்கள். ஊருக்கெல்லாம் பேசின வாய்க்குத் தனக்காகப் பேசத் தெரியவில்லை. மறுபடியும் நடுப்பாலத்துக்கே வந்து நின்றார்.

பந்தி எழுந்தது. துளசிங்கம் கை கழுவிக்கொண்டே இக்கரையிலிருந்து குரல் கொடுத்தார்.

"எலியேசரு, அந்தாண்ட எல்லாரும் சாப்ட்டாங்களான்னு கேளு. ஒருத்தன் பசியோட போனாலும் நமக்குத்தான் கெட்ட பேரு."

எலியேசர் திரும்பி நின்று தெலுங்கில் கேட்டார். எல்லாருக்கும் ஆயிற்று, அந்தப் பக்கம் எப்படி என்று கங்கய்யா கேட்டார்.

"ஆங், எல்லாரும் சாப்ட்டாங்க" என்று இக்கரைக்குச் சொன்னார். அக்கரைக்கும் திரும்பி அதையே தெலுங்கில் சொன்னார். குரல் இரண்டு கரைக்கும் நன்றாகக் கேட்டது.