கோஷா போட்ட இடியாப்ப உரல்

கோட்டைப்பட்டினத்தில் விருந்து என்றால் இடியாப்பம். இடியாப்பம் என்றால் ஜெய்னப். கணவர் பினாங்கில் கடைச் சிப்பந்தி. அங்கிருந்து கடிதம் தவறாமல் வரும், பணம்தான் வழி மறந்துவிடும். ஆகவே கல்யாண வீடுகளில் இடியாப்பம் பிழிந்து கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினாள். பித்தளை உரலை அழுத்தி அழுத்தி, நாற்பது வயதுக்கு முன்பே வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

கைக்கு முடியாவிட்டால் கால் இருக்கிறதே என்று, பக்கத்து வீட்டுத் தையல் மிஷினைப் பார்த்தபோது அவளுக்குத் தோன்றியது. அரிமளத்து ஆசாரியிடம் ஒரு மேடை செய்து வாங்கினாள். எதற்கென்று அவருக்கும் சொல்லவில்லை. மேடையில் உரல், தரையோரம் ஒரு மிதிகட்டை. மிதித்தால் உலக்கை இறங்கி மாவைத் தள்ளும். காலை எடுத்தால், பழைய பஸ் சீட்டிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் அதை மேலே தூக்கிவிடும். இரண்டு கையும் சும்மா இருப்பதால் தட்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கலாம். இடியாப்பம் மழை மாதிரி விழுந்தது.

அவள் தம்பி தாஜுதீன் புதுக்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஊருக்கு வந்தவன் இதைப் பார்த்துவிட்டு, கல்கத்தாவுக்கு மனுப் போட்டுக் காப்புரிமை வாங்கலாம் என்றான். வாங்கிவிட்டால் சில ஆண்டுகளுக்கு அவள் சம்மதம் இல்லாமல் யாரும் இதைச் செய்து விற்க முடியாது. ஆனால் மனுப் போய்ச் சேரும் முன்பே ஊர் பார்த்துவிட்டால், புதுச் சரக்கு இல்லை என்று தள்ளிவிடுவார்கள். படம் வரைந்து முடிக்க ஒரு வாரம் கேட்டான்.

"அதுவரைக்கும் யாரு கண்ணுலயும் படக்கூடாது லாத்தா. முக்கியமா உமர் பாரூக் அண்ணன்."

உமர் பாரூக் பாத்திரக்கடைக்காரர். எங்கேயாவது புது அகப்பையைப் பார்த்தால் போதும், மறுவாரம் அதன் தம்பி அவர் கடை வாசலில் தொங்கும்.

அந்த வாரமே அவர் வீட்டில் மாப்பிள்ளை விருந்து. அவர் மனைவி சம்சுன் நிஹார் நேரில் வந்து அழைத்தாள். மாட்டேன் என்றால் காலத்துக்கும் பகை. போகலாம் என்றாலோ, பழைய உரலை அழுத்தத் தோள் ஒத்துழைக்காது. ஜெய்னப் யோசித்தாள். மேடையைத் துப்பட்டியால் தலை முதல் கால் வரை போர்த்தி, திரை கட்டிய மாட்டு வண்டியில் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டாள். காற்றில் திரை விலகியபோது இரண்டு துப்பட்டி உருவங்களைக் கண்ட ஆண்கள், கோஷாப் பெண்கள் போகிறார்கள் என்று முகத்தைத் திருப்பி ஒதுங்கினார்கள். மிஷினுக்குக் கோஷா போட்டவள் உலகத்திலேயே தன் அக்கா ஒருத்திதான் என்று தாஜுதீன் சிரித்தான்.

விருந்து வீட்டு அடுப்படியிலும் திரை தொங்கியது. தட்டுத் தட்டாக இடியாப்பம் வெளியே போனது. உமர் பாரூக் திரைக்கு அந்தப் பக்கம் செருமுவார், நடப்பார், மறுபடி செருமுவார். சொந்த அடுப்படிக்குள் அவரால் நுழைய முடியவில்லை.

ஆனால் திரை தடுப்பது ஆண்களை மட்டும்தான். சம்சுன் நிஹார் தேங்காய்ப்பால் எடுக்கத் திரையைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்தபோதுதான் ஜெய்னபுக்கு அது உறைத்தது.

"ஏ ஜெய்னபு, என்னடி இது? காலால மிதிக்கிறெ?"

"கட்டையத்தான் மிதிக்கிறேன் மதினி. மாவை இல்ல."

"அது சம்பந்தி வீட்டுக்குப் புரியுமா? மாப்பிள்ளையோட அம்மா இப்பத்தான் ரெண்டாந் தட்டுக் கேக்குறாக."

வெளியே இருந்து உமர் பாரூக்கின் குரல் வந்தது. "உள்ள என்ன மிஷினு ஓடுது? இம்புட்டு வெரசா வருது?"

ஜெய்னபின் கால் மிதிகட்டைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. கல்கத்தா மனு இப்போது சம்சுன் நிஹாரின் நாக்கு நுனியில் இருந்தது.

சம்சுன் நிஹார் அந்தக் காலைப் பார்த்தாள். இடியாப்பத் தட்டைப் பார்த்தாள். சம்பந்திகள் உட்கார்ந்திருந்த கூடத்துப் பக்கம் காது கொடுத்தாள்.

"மிஷினும் இல்ல ஒண்ணும் இல்ல. பழைய உரலுதான். அவ கையில அம்புட்டுப் பலம். நீங்க அங்கிட்டுப் போயி சம்பந்தியக் கவனிங்க."

அப்புறம் முக்காலியை இழுத்துப் போட்டுத் திரை ஓரத்திலேயே காவல் உட்கார்ந்துவிட்டாள். எட்டிப் பார்க்க வந்த பெண்களையெல்லாம் ஆவி அடிக்கும் என்று விரட்டினாள். ஜெய்னப் கெஞ்ச வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

படம் முடிந்து மனுப் போனது. ஈராண்டு கழித்துக் காப்புரிமை வந்தது. உமர் பாரூக்கும் வந்தார், செய்து விற்கச் சம்மதம் கேட்டு. தாஜுதீன் படத்தை நீட்டினான். மிதிகட்டை மேல் ஒரு பாதத்தையும் அவன் அழகாக வரைந்திருந்தான். உமர் பாரூக் அந்தப் பாதத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு விருந்துல..."

"மருமகன் நல்லா சாப்புட்டாரா இல்லையாண்ணே?" என்று ஜெய்னப் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

சாப்பிட்டதை அவரால் மறுக்க முடியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: மேடையின் கீழ்ப்பக்கத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒரு துணி கட்ட வேண்டும், கால் தெரிந்தால் இந்தப் பக்கத்தில் ஒன்றுகூட விற்காது. அவள் சரி என்றாள். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, அந்தத் துணி தன் யோசனைதானே, அதற்குத் தன் பேரில் தனியாக ஒரு மனுப் போடலாமா என்று கேட்டார்.

"கெடைக்காதுண்ணே," என்றாள் ஜெய்னப். "அது வண்டியில போனப்பவே ஊரே பாத்துருச்சு."