வீட்டுக்கு ஓர் ஆள்

புதிதாக வெட்டிய புளியமரத்தின் புளிப்பும் பச்சையும் கலந்த வாடை எங்கே வந்தாலும், இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் எங்கள் பக்கத்து ரோடுகளிலெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்த அந்த ஆண்டு எனக்கு ஞாபகம் வந்துவிடும். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் ரோட்டோரம் எங்கள் ஊர். எங்கள் ஊர் என்று இன்று எழுதிவிடுகிறேன். அன்று அப்படிச் சொன்னால் பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள்.

நாங்கள் இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அப்பாவின் தாத்தா இந்த ஊரிலிருந்துதான் கப்பலேறினாராம். அங்கே எங்களை 'இந்தியாக்காரன்' என்று சொல்லித் துரத்தினார்கள். இங்கே வந்து இறங்கிய அன்றே 'சிலோன்காரங்க' ஆகிவிட்டோம். பங்காளி முறையில் அப்பாவுக்கு அண்ணனான பெரியப்பா ஒருவர் ஊரில் இருந்தார். நிலத்தில் பங்கு கேட்டு வந்துவிட்டோமோ என்று அவருக்குப் பயம். "யாரு கண்டா? எங்க தாத்தாவுக்குத் தம்பியே கெடயாதே" என்று எல்லோர் முன்னாலும் கையை விரித்துவிட்டார். அப்பா ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டுக்கொண்டு கூலிக்குப் போனார்.

போராட்டம் வந்ததும் அதே பெரியப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். "வூட்டுக்கு ஒரு ஆளு ரோட்டுக்கு வரணும். நீயும் நம்ம ரத்தந்தானடா, இன்னா யோசிச்சிக்கினு நிக்கிற?" என்றார். அப்பா யோசிக்கவேயில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவர் எப்படி ஏங்கிக் கிடந்தார் என்பது எங்களுக்குத்தான் தெரியும். வேட்டியை மடித்துக் கட்டி, கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் போன அந்த மிடுக்கை நான் மறுபடி பார்க்கவில்லை.

மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். மலையிலிருந்து வந்த ஒரு ஜீப், விழுந்துகிடந்த மரத்தின் முன்னால் நின்றது. உள்ளே பிரசவ வலியில் ஒரு மலைக்காரப் பெண் முனகிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் இறங்கி, "ஆஸ்பத்திரிக்குப் போவணுங்க" என்று கும்பிட்டான். கூட்டத்தில் ஒருவன், "நீங்க இன்னா ஆளுங்க?" என்று கேட்டான். அப்பாவின் முகம் மாறிவிட்டது. தோட்டத்தில் கலவரம் நடந்தபோது எங்கள் லாரியை மறித்து, வேறு பாஷையில் இதையேதான் கேட்டார்கள். பதில் சொன்ன என் சித்தப்பா திரும்பி வரவில்லை.

அப்பா எழுந்துபோய் மரத்தின் நுனிக் கிளைகளை வெட்டி ஒதுக்க ஆரம்பித்தார். "டேய், வழி வுடாதடா!" என்று பெரியப்பா கத்தினார்.

"அந்தப் புள்ள ஆருன்னு கேட்டுக்கிட்டு நிக்க என்னால ஏலாது அண்ணே" என்றார் அப்பா, கை நிற்காமல்.

ஜீப் போய்விட்டது. "சிலோன்காரன் புத்தியக் காட்டிட்டான் பாரு" என்றார் பெரியப்பா. அதன் பிறகு அவர்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் எங்களுக்குச் சொல்லிவிட்டதில்லை.

கோரிக்கையில் நியாயம் இருந்தது. பின்னால் அந்த ஒதுக்கீட்டில்தான் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்பா ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தார். ஆனால் தன் உரிமைக்காக ரோட்டில் நிற்கிறவன், எதிரே வருகிறவனை நீ யார் என்று கேட்பதை எந்தக் கணத்தில் கற்றுக்கொள்கிறான் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நினைத்தால் கோபம்தான் வருகிறது.

இப்போது அந்த ரோட்டில் நிழலே இல்லை. தோட்டத்துப் பேச்சும் எங்கள் வீட்டில் இப்போது அம்மா வாயில் மட்டும்தான் இருக்கிறது. போன மாதம் அப்பா இறந்துபோனார். பெரியப்பாவின் மகன் வந்து வெளியிலேயே தயங்கி நின்றான். "சித்தி, எங்களுக்குத் தீட்டு உண்டுங்களா? மாரியம்மன் கோயில்ல காப்புக் கட்டணும், அதான் கேக்கறேன்" என்றான். பங்காளி என்றால் தீட்டு உண்டு. தீட்டு இருந்தால் காப்புக் கட்டக்கூடாது.

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அத நீங்கதான் தம்பி சொல்லணும். அவரும் கடைசி வரைக்கும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாரு."

அந்த வெள்ளிக்கிழமை அவன் காப்புக் கட்டிக்கொண்டான்.